"ஓடாமல் போன" அந்த ஃபைல்: தண்டையார்பேட்டை வாசகிக்கு ஒரு பதில்

கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். எழுதியவர் தண்டையார்பேட்டை பக்கம் சின்னதாக ஜெராக்ஸ் கடை நடத்தும் 46 வயதுப் பெண். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன், ஒன்றிரண்டை மாற்றியும் இருக்கிறேன். கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இபி பில், ரேஷன் கார்டு திருத்தம், வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி ஃபார்ம், ரயில் டிக்கெட் எல்லாமே அதில்தான். காசிமேட்டுக் குடும்பங்கள் நிறைய பேர் வாடிக்கை.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் மகன், ஒரு ஞாயிறு மதியம் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கார் ரேஸ் கேமின் 'ரீபேக்' (சுருக்கி மறுபடி கட்டிய பிரதி) இறக்கியிருக்கிறான். முதல் தளத்தில் எடுத்தது ஓடவில்லை, ஏதோ எர்ரர் வந்ததாம். வேறொரு தளத்தில் டோரன்ட் (ஆட்கள் ஒருவருக்கொருவர் ஃபைல் பகிரும் முறை) பிடித்து எடுத்தது ஓடியிருக்கிறது. புதன்கிழமை அவன் இன்ஸ்டாகிராமில் கிரிப்டோ என்ற இணையக் காசுக்கான விளம்பரம் தானாக ஏறியது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் "அவசரம், பணம் அனுப்பு, அப்புறம் தருகிறேன்" என்று அவன் பெயரில் செய்தி போக, சித்தப்பா மகன் ஒருவர் நம்பி 6,000 ரூபாய் அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை கடையின் ஜிமெயிலே கையை விட்டுப் போய்விட்டது. ரெகவரி நம்பரை யாரோ மாற்றிவிட்டார்கள். கடிதமே அக்கா மகளின் மெயிலிலிருந்துதான் வந்தது.

அவர் கேட்பது இதுதான். ரீபேக் என்றாலே வைரஸா, "எல்லாரும்தானே போடுகிறார்கள்" என்று பையன் சொல்வது உண்மையா? ஓடிபி வைத்திருந்தும் எப்படி உள்ளே வந்தார்கள்? சர்வீஸ் செய்பவர் 500 ரூபாய்க்கு ஃபார்மட் அடித்துத் தருகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்கிறாரே, போதுமா? போலீசுக்குப் போனால் பையனையே பிடித்துவிடுவார்களா? வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? கணவர் "வாயைத் திறக்காதே, கடை போய்விடும்" என்கிறார். மகனின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டியும் விட்டாராம். பையன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா, முதலில் அந்த பீரோவைத் திறந்து போனைப் பையன் கையில் கொடுங்கள். பரிதாபப்பட்டுச் சொல்லவில்லை. அவன் கணக்குகளை மீட்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். இன்றைக்கு உங்கள் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் போகாத சுத்தமான கருவி அதுதான். அப்புறம், எந்த நாள், எந்தத் தளம், எந்த ஃபைல், எத்தனை மணிக்கு என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன். முதல் தளத்தில் எடுத்தது ஓடவில்லை என்பதை அவனாகவே உங்களிடம் சொல்லியிருக்கிறான். அதை மறைத்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்பேன்.

ரீபேக் என்பது என்ன

வீடு மாற்றும்போது பீரோ, கட்டிலைக் கழற்றிப் பலகை பலகையாகக் குட்டி யானையில் ஏற்றுவார்களே, அந்த மாதிரி. 100 ஜிபி கேமை எடுத்து, நமக்கு வேண்டாத மொழிகளின் குரல் பதிவுகளைக் கழித்து, மீதியை இறுக்கி அமுக்கி 40, 50 ஜிபியாக ஆக்கி, மறுபடி விரித்துப் பூட்டும் ஒரு இன்ஸ்டாலரோடு சேர்த்துத் தருவதுதான் ரீபேக். விரிக்கும்போது பிராசசருக்கு வேலை அதிகம், அதனால்தான் இன்ஸ்டால் ஆக மணிக்கணக்கில் ஆகிறது. இந்த வித்தையில் தப்பு எதுவும் இல்லை. பெரிய கம்பெனிகளின் ஐடி பிரிவில் ஆயிரம் கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் ஏற்றுவதற்காக, காசு கொடுத்து வாங்கிய மென்பொருளையே இப்படி மறுபடி கட்டுவோம். நானே செய்திருக்கிறேன். ஆகவே 'ரீபேக் என்றாலே வைரஸ்' என்பது சரியில்லை.

ஆனால் உங்கள் மகன் எடுத்த வகை ரீபேக்கில் இன்னொன்றும் இருக்கிறது: கிராக். காசு கட்டியிருக்கிறாரா என்று கேம் கேட்கும் இடத்தில் 'ஆமாம்' என்று பொய் சொல்ல, கேமின் ஒன்றிரண்டு ஃபைல்களை மாற்றி வைத்திருப்பார்கள். ஒரு புரோகிராமின் உள்ளே கைவைத்து மாற்றுவதைத்தான் வைரஸும் செய்கிறது, அதனால் ஆன்டிவைரஸ் கத்தும். உடனே அந்தத் தளத்தில் எழுதியிருப்பார்கள்: "இது பொய் எச்சரிக்கை, டிஃபெண்டரை (விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ்) ஆஃப் செய்துவிட்டு அட்மினாக ஓட்டவும்." பையன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சில நேரம் அது நிஜமாகவே பொய் எச்சரிக்கைதான். ஆனால் எது பொய், எது நிஜம் என்று அந்த நிமிடத்தில் அவனாலும் சொல்ல முடியாது, பதினேழு வருடமாக இதே வேலையில் இருக்கும் என்னாலும் ஸ்கிரீனைப் பார்த்துச் சொல்ல முடியாது. காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு, முகம் தெரியாத ஒருவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தை மொத்தமாகக் கொடுப்பதுதான் அந்த இரண்டு கிளிக்கும்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பழக்கமும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் படித்த காலத்தில் பர்மா பஜாரில் 50 ரூபாய்க்கு சிடி வாங்கி வருவோம். ஓடவில்லையென்றால் மறுநாள் போய் மாற்றிக்கொள்ளலாம், கொடுத்தவர் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த நம்பிக்கையை அப்படியே இணையத்துக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அங்கே உட்கார்ந்திருப்பவர் யாரும் இல்லை. ஒரு ரீபேக் ஆளுக்குப் பெயர் கிடைத்துவிட்டால், அதே பெயரில், அதே படங்களோடு, ஒரு எழுத்து மட்டும் மாறிய முகவரியில் போலித் தளங்கள் முளைத்துவிடும். தேடும்போது அவைதான் மேலே வருவதும் உண்டு.

ஓடாத ஃபைல்தான் என் சந்தேகம்

மகன் இரண்டு ஃபைல் எடுத்திருக்கிறான். நீங்கள் இருவரும் இரண்டாவதைத்தான், ஓடிய கேமைத்தான், சந்தேகப்படுகிறீர்கள். முதலாவதை "அதுதான் ஓடவே இல்லையே" என்று விட்டுவிட்டீர்கள். கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிகளை மறுபடி படித்தேன்: முதல் தளத்தில் வந்தது ஒரு ஜிப் ஃபைல், அதைத் திறக்க அந்தப் பக்கத்திலேயே பாஸ்வேர்டு கொடுத்திருந்தார்கள், செட்டப்பை அழுத்தியதும் கறுப்பு ஜன்னல் ஒன்று வந்து மறைந்தது, அப்புறம் 'ஒரு ஃபைல் இல்லை' என்று எர்ரர்.

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு வேறு எதுவும் தோன்றாது. பாஸ்வேர்டு போட்ட ஜிப் எதற்கு? வழியில் உள்ள ஸ்கேனர்கள் உள்ளே பார்க்க முடியாதபடிக்கு. கறுப்பு ஜன்னல்தான் நடந்த வேலை. எர்ரர், ஆள் சந்தேகப்படாமல் அலுத்துப்போய் அடுத்த தளத்துக்குப் போய்விட வேண்டும் என்பதற்காகக் காட்டும் நாடகம். கம்ப்யூட்டரைப் பார்க்காமல் நூறு சதவீதம் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் 'ஸ்டீலர்' என்று நாங்கள் சொல்லும் திருட்டு புரோகிராமின் வழக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், லாகின் ஆகி இருக்கும் கணக்குகளின் அடையாளங்கள், டெஸ்க்டாப்பில் இருக்கும் சில ஃபைல்கள் எல்லாவற்றையும் சில நிமிடத்தில் அள்ளி அனுப்பிவிடும். பல நேரம் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் ஸ்கேன் ஓட்டினால் 'சுத்தம்' என்று வரும்.

லும்மா என்று ஒரு ஸ்டீலர். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் உலகம் முழுக்க 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது ஏறியிருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டது. பல நாட்டு அமைப்புகளோடு சேர்ந்து அதன் தளங்களை முடக்கினார்கள். கிராக் செய்த மென்பொருள் என்ற வேடம் அது பரவிய முக்கியமான வழிகளில் ஒன்று.

சரி, இரண்டாவது ஃபைல், ஓடிய கேம், அது நல்லதா? அப்படியும் எடுத்துக்கொள்ளாதீர்கள். "வைரஸ் இருந்தால் உடனே தெரிந்திருக்குமே" என்கிறான் தம்பி, உங்கள் மகன். 2024 செப்டம்பரில் சில பிரபலமான கேம்களின் ரீபேக்குகளை டோரன்டில் ஏற்றினார்கள். கேம் நன்றாக ஓடியது. ஆட்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தது டிசம்பர் 31 வரை அசையவே இல்லை. புத்தாண்டு விடுமுறையில்தான் எழுந்து, அவர்கள் கம்ப்யூட்டரை வைத்து வேறு யாருக்கோ கிரிப்டோ காசு சுரண்ட ஆரம்பித்தது. காஸ்பர்ஸ்கி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைப் பிரித்துப் பார்த்தபோது, பிராசசரில் எட்டு கோருக்கு, அதாவது உள்ளே வேலை செய்யும் எட்டுப் பகுதிக்கு, குறைவாக இருந்தால் சுரண்டும் வேலையைத் தொடங்காமல் விட்டுவிடுகிறது என்றும் தெரிந்தது. ஒரே ஃபைல் நண்பன் வீட்டில் சும்மா இருக்கும், உங்கள் வீட்டில் வேலை செய்யும். "அவன் போட்டான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற சாட்சிக்கு இங்கே மதிப்பில்லை. அதற்கும் முன்னால் 2021-இல் அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் வெளியிட்ட கிராக்கோனோஷ் விவகாரம் இருக்கிறது. கிராக் கேம்களில் ஒளிந்து வந்து, விண்டோஸைச் சேஃப் மோடில் ஏற்றி ஆன்டிவைரஸைக் கழற்றிவிடும். அப்படி 2,22,000 கம்ப்யூட்டர்கள். சம்பாதித்தது 20 லட்சம் டாலருக்கு மேல்.

ஓடிபி ஏன் காப்பாற்றவில்லை

திருவொற்றியூரிலிருந்து பீச் ஸ்டேஷனுக்குத் தினமும் போகிறவர் சீசன் டிக்கெட் வைத்திருப்பார். கவுன்டரில் ஒரு தடவை எல்லாம் காட்டி வாங்கிவிட்டால், அப்புறம் ஒரு மாதம் டிக்கெட்டை மட்டும் காட்டினால் போதும். பாஸ்வேர்டும் ஓடிபியும் அந்தக் கவுன்டர். அதைத் தாண்டியதும் பிரவுசரில் 'குக்கி' என்று ஒரு சீசன் டிக்கெட் உட்கார்ந்துவிடும். அதனால்தான் தினமும் ஓடிபி கேட்பதில்லை. ஸ்டீலர் எடுத்துப்போனது அந்த டிக்கெட்டை. அதை வைத்து நுழைந்தவனை யாரும் கவுன்டருக்குப் போகச் சொல்லவில்லை.

ஆகவே பாஸ்வேர்டு மாற்றினால் மட்டும் போதாது, பழைய டிக்கெட்டெல்லாம் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். எல்லாக் கணக்கிலும் 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதைத் தேடி அழுத்துங்கள். கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதையும் மாற்றாதீர்கள். புதுப் பாஸ்வேர்டையும் நீங்களே கையில் கொடுத்தது போல் ஆகும். நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனில் செய்யுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் ஜிமெயில், ஏனென்றால் மற்ற கணக்குகளின் சாவி அங்கேதான் வருகிறது. ரெகவரி நம்பரை அவர்கள் மாற்றியிருந்தாலும், முதல் ஏழு நாள் வரை பழைய நம்பரை வைத்து மீட்க கூகுள் வழி விட்டிருக்கிறது. இதனால்தான் உங்கள் கடிதம் வந்த அன்றே இதைத் தனியாக எழுதி அனுப்பினேன். கணக்கு கைக்கு வந்ததும் செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் திறந்து பாருங்கள். உங்கள் மெயிலின் நகல் தனக்கும் வருகிற மாதிரி அவர்கள் செய்து வைத்திருக்கலாம்.

அடுத்தது வாட்ஸ்ஆப். இதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை, ஆனால் எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் "இந்த நம்பருக்கு அனுப்புங்க, பிரிண்ட் எடுத்துடறேன்" என்பதுதானே. கம்ப்யூட்டரில் வாட்ஸ்ஆப் வெப் நாள் முழுக்கத் திறந்திருக்கும். போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் எல்லாவற்றையும் நீக்குங்கள். அப்புறம் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், பேங்க். வாடிக்கையாளர் சௌகரியத்துக்காக ரயில் டிக்கெட், டிஎன்பிஎஸ்சி கணக்குகளின் பாஸ்வேர்டுகளை பிரவுசரில் சேமித்து வைத்திருந்தால் அவையும் போனதாகவே கணக்கு வையுங்கள்.

500 ரூபாய் ஃபார்மட்

ஃபார்மட் தேவைதான். ஆனால் போன பாஸ்வேர்டுகளை அது திரும்பக் கொண்டுவராது, அதனால் மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகுதான் ஃபார்மட். அதற்கு முன் ஆதாரம்: டவுன்லோட் லிஸ்ட், பிரவுசர் ஹிஸ்டரி, அந்த ஜிப் இருந்தால் அதன் பெயர், தேதி, இவற்றைப் போனில் போட்டோ எடுங்கள். ஃபைலைத் திறக்க வேண்டாம். போலீஸ் கேட்டால் காட்ட அதுதான் இருக்கும்.

இதற்குமேல் ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். சர்வீஸ் செய்பவர் எந்த விண்டோஸை ஏற்றப் போகிறார்? பென்டிரைவில் வைத்திருக்கும் 'ஆக்டிவேட் ஆன' விண்டோஸ்தானே, போன தடவையும் அவர்தானே போட்டுக் கொடுத்தார்? போட்டோஷாப்பும் அவர் போட்டதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா, அதுவும் ரீபேக்தான். யாரோ பிரித்து, மாற்றி, மறுபடி கட்டிய விண்டோஸ். காசு கட்டாத விண்டோஸைக் காசு கட்டியது போல் காட்டும் ஆக்டிவேட்டர்கள் தங்களை டிஃபெண்டர் அழித்துவிடக் கூடாது என்று அதன் விலக்குப் பட்டியலில் தங்கள் ஃபோல்டரைச் சேர்த்துவிடும். சில நேரம் சி டிரைவ் முழுவதையுமே விலக்கி வைத்திருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஃபார்மட் அடிக்கும் முன் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே ஏதாவது இருந்தால், தம்பி ஞாயிற்றுக்கிழமை உட்காருவதற்கு வெகுநாள் முன்பே உங்கள் கடைக் காவல் தளர்ந்திருந்தது என்று அர்த்தம். அவனைத் திட்டும்போது இதையும் கணக்கில் வையுங்கள் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் பிராண்டட் என்றால் பெரும்பாலும் காசே ஆகாது. விண்டோஸோடு விற்ற மெஷின்களில், விண்டோஸ் 8 காலத்திலிருந்து, அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வரும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேராக இறக்கிய விண்டோஸை, அந்த மெஷின் எந்தப் பதிப்போடு வந்ததோ அதே பதிப்பாக, ஏற்றினால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். பென்டிரைவை வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் தயார் செய்யச் சொல்லுங்கள். ரிச்சி தெருவில் கூட்டிக் கட்டிய அசெம்பிள்டு என்றால் லைசென்ஸ் வாங்க வேண்டியிருக்கும். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் இலவசம்தான், ஆனால் உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் அதில் ஓடுமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வைத்துக்கொள்ள வேண்டிய போட்டோ, பிடிஎஃப் மட்டும் நகலெடுங்கள். இன்ஸ்டாலர் ஒன்றுகூட வேண்டாம். போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், இரண்டும் இலவசம், முறையானவை. பாஸ்போர்ட் போட்டோ வேலைக்கு கிம்ப் தாராளம், கை பழக ஒரு வாரம் பிடிக்கும். தினப்படி வேலைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத கணக்கு ஒன்று போட்டு, அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேம் ஆடுகிற வயதில் இருப்பவனிடம் ஆடாதே என்று சொல்ல மாட்டேன், கடை கம்ப்யூட்டரில் வேண்டாம், அவ்வளவுதான். ஸ்டீம் என்ற கேம் விற்கும் தளத்தில் ரூபாயிலேயே விலை இருக்கிறது, தள்ளுபடி நேரத்தில் பழைய பெரிய கேம்கள் நல்ல மலிவு. எபிக் என்ற இன்னொரு இணையக் கடையில் வாராவாரம் ஏதாவது ஒரு கேமை இலவசமாகவே தருகிறார்கள்.

போலீசும் பணமும்

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்த வேலையில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கிராக் மென்பொருள் பயன்படுத்துவது குற்றமே இல்லை என்று மகன் நினைப்பது தவறு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில், திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ பயன்படுத்தவில்லையென்றால் சிறை இல்லாமல், 50,000 வரை அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிடலாம். இதைக் கவனித்துப் படியுங்கள். அந்தச் சலுகை வீட்டில் கேம் ஆடியவனுக்குப் பொருந்தலாம். கடையில் காசு வாங்கிப் போட்டோ எடுத்துக் கொடுக்கும் கிராக் போட்டோஷாப்புக்குப் பொருந்தாது. இன்னொன்று, டோரன்டில் இறக்கும்போதே மற்றவர்களுக்கு ஏற்றவும் செய்கிறோம், 'நான் எடுக்க மட்டும்தானே செய்தேன்' என்பது அங்கே எடுபடாது.

ஆனால் இந்தப் பயத்தில் புகார் கொடுக்காமல் இருப்பதுதான் பெரிய தப்பு. உங்கள் கணக்கைத் திருடி உங்கள் பெயரில் பேசியது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின் கீழ் குற்றம், 3 ஆண்டு வரை தண்டனை. இதில் நீங்கள் பாதிக்கப்பட்டவர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஒரு கேம் இறக்கினான் என்பதை மறைக்கக் கதை கட்டினால், அப்புறம் அந்தக் கதையே வினையாக முடியும். தயக்கமாக இருந்தால் புகாருக்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

6,000 ரூபாய்க்கு உங்கள் சித்தப்பா மகன் தான் அனுப்பிய கணக்கு விவரத்தோடு சைபர் பண மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும், தன் பேங்குக்கும் சொல்ல வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்குவதுதான் அங்கே நடக்கும் வேலை, அதனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்று நாளுக்குள் சொன்னால் பேங்க் முழுப் பணத்தையும் தரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட அந்த விதி, நமக்குத் தெரியாமல் வேறொருவன் எடுத்த பணத்துக்கானது. அவர் தானே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறார், அதனால் அதை நம்பி உட்கார வேண்டாம். பணம் திரும்பாவிட்டால் அந்த 6,000-ஐ மெல்ல மெல்லவாவது நீங்கள் கொடுத்துவிடுவது நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம், சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்துகிறது என்று சொல்லவில்லை.

வாடிக்கையாளர்களிடம் சொல்வது

இதில் உங்கள் கணவரோடு நான் ஒத்துப்போகவில்லை. டெஸ்க்டாப்பில் 'ஆதார்' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் இரண்டு வருட ஸ்கேன்கள் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவை போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் போயிருந்தால் அதன் பலன் உங்கள் கடைக்கு வராது, மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு உங்களை நம்பி பாஸ்புக் நகல் கொடுத்த ஒரு அம்மாவின் பெயரில் கடனாகவோ சிம்மாகவோ வரும். அவருக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. சட்டமும் இந்தத் திசையில்தான் போகிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

ஒரு பயத்தை மட்டும் எடுத்துவிடுகிறேன். ஆதார் நகலில் கைரேகை இல்லை, அதனால் அதை வைத்துக் கைரேகைப் பணம் எடுக்க முடியாது. ஆதாரும் பேனும் சேர்ந்து போய், அவர்கள் பெயரில் சிம் வாங்குவதோ ஆன்லைன் கடன் எடுப்பதோதான் கவலை.

வாட்ஸ்ஆப்பில் இப்படி அனுப்புங்கள், கடைச் சுவரிலும் ஒட்டுங்கள்:

"நம் கடைக் கம்ப்யூட்டரில் வெளியாள் புகுந்துவிட்டார். நீங்கள் கொடுத்த ஆதார், பேன், பாஸ்புக் நகல்கள் அவர் கைக்குப் போயிருக்க வாய்ப்பு உண்டு. யாராவது ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். எங்கள் பெயரில் பணம் கேட்டு எது வந்தாலும் அனுப்பாதீர்கள். எங்களிடம் கொடுத்த பாஸ்வேர்டு ஏதாவது இருந்தால் மாற்றிவிடுங்கள். இனிமேல் பிரிண்ட் எடுத்ததும் உங்கள் கண் முன்னால் ஃபைலை அழித்துவிடுவோம். சந்தேகம் இருந்தால் கடைக்கு வாருங்கள்."

வருகிறவர்களுக்கு சஞ்சார் சாத்தி தளத்தில் அவர்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் போடலாம். பேன் கார்டு கொடுத்தவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை எடுத்துக் காட்டுங்கள், அவர்கள் வாங்காத கடன் ஏதாவது ஏறியிருந்தால் அதில் தெரியும். ஃபார்மட் முடியும் வரை உங்கள் கம்ப்யூட்டரில் எதுவும் செய்ய முடியாது, அதனால் வருபவரின் சொந்தப் போனிலேயே செய்யுங்கள். இதைத் தம்பியிடமே விடுங்கள், இந்த வாரம் மாலையில் அவன் கடையில் உட்காரட்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும், காசு வாங்க வேண்டாம்.